படலையில் வேப்பிலை இல்லாத வீடு

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குள் போகலாமா கூடாதா என்று வாய் திறந்து கேட்கத் தேவையில்லை. வாசல் படலையைப் பார்த்தால் போதும். அதில் ஒரு வேப்பங்கொத்து செருகியிருந்தால் உள்ளே அம்மாள் வந்திருக்கிறாள் என்று பொருள். சின்னமுத்தா, கொப்பளிப்பானா, பெரியம்மையா என்று ஒருவரும் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். எல்லாம் அம்மாள்தான். சுளகு இரவல் வாங்க வந்தவள் கொத்தைக் கண்டதும் திரும்பிப் போய்விடுவாள். கலியாணத்துக்குச் சொல்ல வந்தவர்கள் அந்தப் படலையை விட்டு அடுத்த படலையைத் தட்டுவார்கள். அதிலே கோபமும் இல்லை, அவமானமும் இல்லை. பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்து முடிந்ததும் கொத்தை எடுத்துவிடுவார்கள். அடுத்த நாளே சுளகு கைமாறும்.

எங்கள் சண்டிலிப்பாயில் ஒரு வருடம் அந்த வேப்பங்கொத்து படலைகளில் இல்லாமல் போனது. போகச் செய்தவள் நான். முப்பதுகளில், உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்தது. இத்தனை காலமும் இதை நான் பூசி மெழுகித்தான் சொல்லி வந்திருக்கிறேன். அந்த வருடம் ஊரிலே சின்னமுத்து கடுமை என்று சொல்லுவேன். ஊரிலே கடுமை என்று சொல்லிவிட்டால் ஒருவர் தலையிலும் குற்றம் விழாது. இனி எனக்கு மெழுகப் பொறுமை இல்லை.

நான் அப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பழகுகிற பிள்ளைகளின் அரிவரி வகுப்புக்கு வாத்தியாரம்மா. தாய் தகப்பன் முந்தியே போய்விட்டார்கள். என்னைவிடப் பதினொரு வயது மூத்த அக்காதான் வளர்த்தாள். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் நான் இங்கிலீசுப் பள்ளிக்கூடம் போனேன். அவளைக் கட்டிய அத்தானுக்குப் புகையிலையும் மரக்கறியும் தோட்டம். நான் அவர்களோடுதான் இருந்தேன். படித்தவள் என்ற மரியாதை எனக்கு அந்த வீட்டில் அளவுக்கு மிஞ்சிக் கிடைத்தது. ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரி, கடுதாசி என்று வந்தால் அத்தான்கூட என் வாயைத்தான் பார்ப்பார். அக்காவைக் கேட்கவே வேண்டாம். நான் சொன்னால் பகலும் இரவாகும் அவளுக்கு.

அவர்களுக்குப் பிள்ளை இல்லாமல் இருந்து, நேர்த்தி வைக்காத கோயில் இல்லை என்று ஆன பிறகு, ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. அக்கா அவனை நிலத்தில் விட்டதை நான் கண்டதில்லை. குசினியில் சமைக்க நின்றாலும் இடுப்பிலே, கிணற்றடிக்குப் போனாலும் இடுப்பிலே. "தம்பி, தம்பி" என்று நாள் முழுக்க அவனோடு கதைத்துக்கொண்டிருப்பாள். எதிரே இருந்து அவன் "ங்ங்" என்பான். அதற்கும் அவள் பதில் சொல்லுவாள்.

ஊருக்கு வருவதற்கு முதல் நான் குருநகரில் இரண்டு வருடம் படிப்பித்தேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. அங்கே மீன்பிடிக்கிற கத்தோலிக்கச் சனம். ஒரு பிள்ளைக்கு முத்துப் போட்டால் அதை மறைக்க அவர்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சுவாமியார் அந்தப் பிள்ளைக்காக மன்றாடச் சொல்லுவார். பூசை முடிந்ததும் தெரு முழுக்க அந்த வீட்டுக்குப் போகும். பாணும் தோடம்பழமும் கொண்டுபோய், தங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்று செபமாலை சொல்லுவார்கள். பத்து நாள் கழிய, சுற்றி நின்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் படுக்கும். அன்பு காட்டியே பரப்பினார்கள். நான் தோட்டக்காரக் குடும்பத்துப் பெட்டை என்ற மிதப்பில், எங்கள் ஊரிலே இந்த மடைத்தனம் இல்லை என்று மூக்கைச் சுழித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் நோய் எந்த வீட்டில் நிற்கிறது என்று அந்தத் தெருவிலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதன் அருமை எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அந்த வருடம் தை பிறந்த கையோடு பகுதி முழுக்கச் சின்னமுத்து, அதுதான் தட்டம்மை, கிளம்பியது. கூடவே எங்கோ பெரியம்மை கண்டதாகவும் ஒரு கதை. முத்தும் காய்ச்சலும் உள்ள வீடுகளை அறிவிக்கவேண்டும் என்று பள்ளிக்கூடங்களுக்குக் கடுதாசி வந்தது. அதற்குப் பின்னாலேயே சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் சைக்கிளில் வந்தார். ஊர் அவரைச் "சனிற்றரி" என்றது. கொழும்பிலே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவர். பொல்லாத மனிதர் என்று சொல்ல மாட்டேன். சொல்ல முடிந்தால் எனக்கு வசதி. ஆனால் அவர் வெயிலில் அலைந்து தன் வேலையை ஒழுங்காகச் செய்த மனிதர்.

தலைமை வாத்தியார் அவருக்குக் கதிரை போட்டார். எனக்கும் ஒரு கதிரை போடப்பட்டது, இங்கிலீசு கதைக்கத் தெரிந்தவள் என்பதற்காக. அவர் தொப்பியை முழங்காலில் வைத்து விசிறிக்கொண்டு சலித்துக்கொண்டார்.

"குருநகரிலை ஒரு நாளிலை வருத்தக்காரர் முழுப்பேரையும் எழுதிப்போட்டன், ரீச்சர். இஞ்சை ஒரு கிழமையா அலையிறன். படலையிலை நிண்டு கேட்டால் எல்லாரும் சுகமாம். உள்ளுக்குப் பிள்ளை முனகுற சத்தம் கேக்குது. அது ஆட்டுக்குட்டியாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரே கூடி அந்த மனிதரை ஏமாற்றுகிறதே என்று ஒரு பெருமிதமும், அந்தக் குட்டை உடைக்க என்னால் முடியுமே என்ற இன்னொரு பெருமிதமும். இரண்டாவதுதான் வென்றது. கேட்டுத் திரியத் தேவையில்லை, படலையைப் பாருங்கள் என்றேன். வேப்பங்கொத்து நிற்கிற வீட்டை எழுதிக்கொண்டு போங்கள் என்றேன். அதையும் இங்கிலீசிலே சொன்னேன். தலைமை வாத்தியாரின் காதில் விழவேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பரிசோதகர் விசிறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வேப்பிலை அவருக்கு அதுவரையில் வெறும் இலை.

அன்றைக்குப் பின்னேரமே அவர் சந்து பொந்தெல்லாம் ஒழுங்கை ஒழுங்கையாகச் சைக்கிளில் போய் எழுதிவிட்டார். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து அந்தத் தாளை என்னிடம் கொடுத்து நல்ல எழுத்தில் படியெடுத்துத் தரச் சொன்னார். அப்படியே அது என் வேலையாகிவிட்டது. கிழமைக்கொருமுறை நான் அந்த வீடுகளை என் கையால் எழுதினேன். என் கையெழுத்து அழகானது. அதற்காகவும் என்னைப் புகழ்ந்தார்கள்.

எழுதப்பட்ட வீடுகளுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டுமே. ஊர்த்தலைவரான விதானையார் வந்து படலைக்குக் குறுக்கே கயிறு கட்டுவார். உள்ளே இருப்பவர்கள் வெளியே வரக்கூடாது, சந்தைக்குச் சாமான் கொண்டுபோகக்கூடாது. முத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்தால், அது பெரியம்மை இல்லை என்று தெரியும்வரை பிள்ளையைப் பனங்கூடலுக்குள்ளே தனியாகக் கட்டியிருந்த ஓலைக் கொட்டிலுக்கு வண்டியில் ஏற்றுவார்கள். தாய் வண்டிக்குப் பின்னாலே தலைவிரி கோலமாக ஓடுவாள். எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த ஒரு தோட்டக்காரரின் வீட்டுக்குக் கயிறு கட்டிய கிழமையில்தான் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற அவருடைய முறை வந்தது. அது நாலு பேருக்குப் பங்குள்ள கிணறு. அவருக்கும் வெளியே வர முடியாது, அவருக்காகத் துலா மிதிக்கவும் ஒருவரும் வரவில்லை. பூத்து நின்ற மிளகாய்க் கன்றுகள் வாடி விழுந்ததை அவர் வேலிக்குள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த வழியால்தான் பள்ளிக்கூடம் போனேன். ஒரு நாள் அவர் என்னைக் கண்டு, "ரீச்சருக்குப் புண்ணியம் கிடைக்கட்டும்" என்றார். நான் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

சனம் என்ன மடையர்களா? கொத்தைக் கண்டுதான் சனிற்றரி வருகிறான் என்று விளங்க அவர்களுக்கு இரண்டு கிழமை போதும். அம்மாளுக்குக் கொத்துக் கட்டாமலும் விட முடியாது, அது தெய்வ குற்றம். எனவே படலையில் கட்டுவதை விட்டு அறைக்குள்ளே, கட்டிலின் தலைமாட்டில் கட்டினார்கள். அம்மாளுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்தார்கள். அயலவர்களுக்குத் தெரியவேண்டியதும் அந்தக் கொத்தில்தான் இருந்தது என்பதை அந்த அவசரத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. முத்துக்காரப் பிள்ளை படுத்திருக்கிற வீட்டுக்குள் சுளகு இரவல் வாங்கவும் நெருப்பு எடுக்கவும் கைக்குழந்தைகளோடு பெண்கள் போய்வந்தார்கள். வீட்டுக்காரியும் வாயைத் திறக்க மாட்டாள். அது காதும் காதும் வைத்தாற்போல நடந்தது.

என் தாளிலே வீடுகள் குறைந்துகொண்டு வந்தன. பன்னிரண்டு ஏழாகி, ஏழு இரண்டாகி, கடைசியில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. பரிசோதகருக்குச் சந்தோசம். எனக்கு அவரைவிடச் சந்தோசம். வகுப்பிலே பிள்ளைகள் இருக்கிற வாங்குகள் காலியாகக் கிடந்தன. பக்கத்துப் பிள்ளையைக் கேட்டால், "அவளுக்கு வயித்துக்குத்து ரீச்சர்" என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லும். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லப் பழக்கியிருந்தார்கள். என் வகுப்பிலே அந்த மாசம் பாதிப் பேருக்கு வயிற்றுக்குத்து. நான் அதை நம்பினேன் என்று எழுதலாம். நம்பவில்லை. என்னுடைய வழி பிழைத்துப்போய்விட்டது என்று பரிசோதகரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது படித்தவர்கள் சொல்லுகிறார்கள், சின்னமுத்து ஒரு வைரசினால் வருவது, இருமலிலும் தும்மலிலும் மூச்சிலும் பரவுவது, முத்து வெளியே தெரிவதற்கு நாலு நாள் முன்பே அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடும் என்று. நாங்கள் அதைத் தடிமன் என்று நினைத்து மூக்கைத் துடைத்துவிடுவோம். எங்கள் பழைய ஆட்களுக்கு வைரசு தெரியாது. ஆனால் ஒரு பிள்ளைக்கு முத்து வந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒருவரோடும் சேரக்கூடாது என்பது தெரிந்திருந்தது. கொத்து நிற்கிற வீட்டில் சுகமாக ஓடித்திரிகிற பிள்ளையைக்கூட ஒருவரும் தங்கள் வளவுக்குள் கூப்பிட மாட்டார்கள்.

மாசி கடைசியில் அக்காவின் பிள்ளைக்குப் பல் முளைத்தது. கீழ் முரசிலே அரிசி போல ஒன்று. அக்கா என் விரலைப் பிடித்து அவன் வாய்க்குள்ளே விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னாள். பல்லு வந்தால் எங்கள் பக்கத்தில் பல்லுக்கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் கொட்டவேண்டும். அயல் பிள்ளைகள் சுற்றி இருந்து, சிதறுகிற கொழுக்கட்டையைப் பொறுக்கித் தின்னவேண்டும். பிள்ளைகள் இல்லாமல் அந்தச் சடங்கு இல்லை.

அக்கா என்னிடம் கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி ஒரு எழுத்துப் பிசகாமல் ஞாபகம்.

"எடியே, அயலைக் கூப்பிடலாமோ? ஊரிலை இன்னும் அம்மாள் நிக்கிறாவோ? உனக்குத்தானே தெரியும்."

"எங்கடை ஒழுங்கையிலை ஒரு வீடும் இல்லை, அக்கா. நான்தானே எழுதுறனான். நீ கூப்பிடு."

பக்கத்து வீட்டுக் குசினியில் இருந்து ஒரு கிழமையாகத் தாளிக்கிற மணம் வரவில்லை. அம்மாள் நிற்கிற வீட்டில் தாளிக்க மாட்டார்கள். அது என் மூக்கில் பட்டது, மண்டையில் படவில்லை என்று சொல்ல ஆசைதான். பட்டது. அந்த வீட்டு மூத்த பெடியன் பத்து நாளாக வேலிப் பக்கம் வரவில்லை என்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் "கூப்பிடு" என்றேன். என் தாளிலே அந்த வீடு இல்லை. என் தாள் சரி என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கொழுக்கட்டை கொட்டினோம். தம்பியைப் பலகையில் இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணி பிடித்து, அத்தானின் தமக்கை சுளகாலே கொட்டினார். முன்னாலே ஏடு, எழுத்தாணி, கத்தி, பவுண் எல்லாம் பரப்பி வைத்திருந்தது. அவன் ஒன்றையும் தொடாமல் ஒரு கொழுக்கட்டையைப் பிடித்து வாயில் வைத்தான். எல்லாரும் சிரித்தார்கள். இவன் சாப்பாட்டு ராமன்தான் என்று அத்தான் சொன்னார். அக்காவின் முகத்தில் அன்றைக்கு இருந்த சிரிப்பை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை.

பக்கத்து வீட்டுக்காரி தன் இளையவளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். என் அரிவரி வகுப்புப் பிள்ளை. கண் இரண்டும் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"பிள்ளைக்குத் தடிமனோ?" என்று கேட்டேன்.

"ஓம், தலை முழுகினது ஒத்துக்கொள்ளேல்லை" என்று தாய் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

பாவம், அவளும் பயந்திருந்தாள். கூப்பிட்ட வீட்டுக்கு வராமல் விட்டால் ஏன் வரவில்லை என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் சனிற்றரி வருவார். அதுவும் சனிற்றரிக்கு எழுதிக்கொடுக்கிறவள் இருக்கிற வீடு. எனக்குப் பயந்துதான் அவள் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் என் சேலைத் தலைப்பால் அதன் மூக்கைத் துடைத்துவிட்டு, என் வகுப்புப் பிள்ளை என்ற சலுகையில் முன்னுக்குக் கொண்டுபோய்த் தம்பிக்குப் பக்கத்தில் இருத்தினேன். அது அவன் மடியில் விழுந்த கொழுக்கட்டைகளைப் பொறுக்கியது. இரண்டு தரம் அவன் முகத்துக்கு நேரே தும்மியது.

மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வரவில்லை. வயிற்றுக்குத்து என்றார்கள்.

பத்தாம் நாள் தம்பிக்குக் காய்ச்சல் தொடங்கியது. கண் கூசினான், இருமினான், பால் குடிக்க மறுத்தான். பதினாலாம் நாள் காதுக்குப் பின்னாலே முத்துத் தெரிந்தது. அக்கா அழவில்லை. எழும்பிப் போய் வேம்பிலே ஒரு கொத்து முறித்துக்கொண்டு படலைப் பக்கம் நடந்தாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அக்கா, அங்கை கட்டாதை."

"என்னடி கதைக்கிறாய்? அம்மாள் வந்த வீடு. கட்டாமல் விடலாமோ?"

"கட்டினால் சனிற்றரி வருவார். பிள்ளையைக் கொட்டிலுக்குக் கொண்டு போவினம். உன்னை உள்ளுக்கு விடாயினம்."

பால்குடிப் பிள்ளைகளைக் கொட்டிலுக்குக் கொண்டுபோவதில்லை. அது எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. என் அக்காவின் வீட்டை என் கையாலே அந்தத் தாளில் எழுதவேண்டும். ஒரு வீடும் இல்லை என்று சொன்ன ஒழுங்கையில் அது முதல் வீடாக நிற்கும். தலைமை வாத்தியார் படிப்பார், பரிசோதகர் புருவத்தை உயர்த்துவார், மிளகாய்க் கன்று வாடிப்போன மனிதர் வேலிக்குள்ளே நின்று சிரிப்பார். இவ்வளவுதான் என் பயம். இந்த அற்பத்தை எழுதக் கை கூசுகிறது.

அக்கா நான் சொன்னபடியே கொத்தோடு திரும்பிப் போய் அறைக்குள்ளே கட்டினாள். நான் தலைமை வாத்தியாருக்கு எனக்கு வயிற்றுக்குத்து என்று துண்டு எழுதி அனுப்பிவிட்டு வீட்டில் நின்றேன். அடுத்த நாள் ஒரு பெண் தன் கைக்குழந்தையோடு உரல் இரவல் கேட்டு வந்தாள். படலை வெறுமையாகத்தானே இருந்தது. குசினி வாசல் மட்டும் வந்து கதைத்துவிட்டுப் போனாள். நான் அவளைத் தடுக்கவில்லை. அந்தக் குழந்தைக்கும் பிறகு முத்து வந்தது. அது பிழைத்தது. அதற்கு நான் காரணமில்லை.

முத்து வாடத் தொடங்கியபோது அவனுக்கு மூச்சு ஏறியது. விலாவுக்குக் கீழே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. மூக்கின் ஓரங்கள் விரிந்தன. நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் ஒருவருக்கும் தெரியாமல் பின்வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளாலே வந்து பார்த்தார். நெஞ்சிலே காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"சளி நெஞ்சைக் கட்டிப்போட்டுது. இது இனி என்ரை கையிலை இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. இண்டைக்கே கொண்டு போங்கோ."

ஆஸ்பத்திரி இரண்டு மைல்கட்டைத் தூரத்தில் இருந்தது. மாட்டு வண்டியிலே போனாலும் முக்கால் மணி நேரம் ஆகாது. அத்தான் மாட்டை அவிழ்க்கப் போனார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"என்னடி, போவமோ?"

அங்கே கொண்டுபோனால் எத்தனை நாளாக முத்து என்று கேட்பார்கள். ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்பார்கள். எந்த ஊர், எந்த வீடு என்று எழுதி மேலே அனுப்புவார்கள். அன்றைக்குப் புதன்கிழமை, பரிசோதகர் எங்கள் பக்கம் வருகிற நாள். வண்டி அவருக்கு எதிர்ப்படும். இவ்வளவும் ஒரு நொடிக்குள்ளே என் மண்டையில் ஓடியது. பிள்ளையின் மூச்சு அதற்குள்ளே ஓடவில்லை.

"வெயிலுக்குள்ளை கொண்டுபோனால் இன்னும் ஏறும், அக்கா. நாளைக்கு விடியக் கொண்டு போவம்" என்றேன்.

பரியாரியார் என்னை ஒருமுறை பார்த்தார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர், நான் படித்தவள், அதனால் வந்த வழியாலேயே திரும்பிவிட்டார். அத்தான் மாட்டைத் திரும்பவும் கட்டினார். அக்கா அன்று முழுக்கத் தம்பியை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். படுக்க வைத்தால் அவனுக்கு மூச்சு முட்டியது.

விடிந்ததும் அத்தான் வண்டியில் வைக்கோல் பரப்பி மேலே பாய் விரித்தார். ஒரு மாட்டைப் பூட்டிவிட்டு மற்றதைக் கொண்டுவரப் போனபோது அக்கா என்னைக் கூப்பிட்டாள். சத்தமாகக்கூடக் கூப்பிடவில்லை. நான் போய்ப் பார்த்தபோது விலா ஏறி இறங்குவது நின்றிருந்தது. அத்தான் முற்றத்திலிருந்து "வாங்கோ, வண்டி சரி" என்று கத்தினார்.

மரணத்தைப் பதிவு செய்ய அத்தானோடு நான்தான் போனேன், கடுதாசி வேலை என் வேலை என்றபடியால். பதிவுகாரர் என்ன வருத்தம் என்று கேட்டார். அத்தான் வாயைத் திறக்குமுன் நான் "மாந்தம்" என்றேன். அந்தக் காலத்தில் கைக்குழந்தை செத்தால் மாந்தம் என்பது எல்லாருக்கும் தெரிந்த காரணம். அவர் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்.

இரண்டு மாசம் கழித்து எனக்குச் சுகாதாரப் பகுதி மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தலைமை வாத்தியார் அதைப் பிள்ளைகள் எல்லாரையும் நிறுத்தி வைத்து வாசித்துக் கை தட்ட வைத்தார். வாங்குகளில் இடைவெளி அப்போதும் இருந்தது. இரண்டு பிள்ளைகள் திரும்பி வரவேயில்லை. கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று ஒருவர் சொன்னார். நான் அதைப் புத்தகத்துக்குள்ளே செருகி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஊர்க்கதை எனக்கு முன்னமே வீட்டுக்கு வந்திருந்தது. அக்கா குசினி வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"உனக்குக் கடுதாசி வந்ததாமே. வாசி, கேப்பம்."

"இங்கிலீசிலை கிடக்கு, அக்கா."

"தமிழிலை சொல்லு."

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு இங்கிலீசு தெரியாது. அன்றைக்கு மட்டும் ஏனோ முடியவில்லை.

"எங்கடை ஊரிலை சின்னமுத்து முற்றா அடங்கிப்போச்சாம். மாசி தொடக்கம் ஒருத்தருக்கும் வரேல்லையாம். நான் செய்த உதவிக்கு நன்றியாம்."

அக்கா இலை உருவுவதை நிறுத்தினாள்.

"மாசி தொடக்கம் ஒருத்தருக்கும் வரேல்லையோ?"

"ஓம்."

"அப்ப எங்கடை தம்பியை உவை எண்ணேல்லையோ?"

"நான் சொல்லேல்லை, அக்கா."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். அவள் குரலை உயர்த்தாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நீயெண்டாலும் அவனை எண்ணியிருக்கலாம்."